பால்வாடிக்கு யார் பணம் போட்டார்கள்?



இந்த மலரில் சேமிப்பு வளர்ந்த கதை, வங்கிக் கடன் வாங்கிய கதை, கறவை மாடு, தையல் மெஷின், ஆடு வளர்ப்பு என்று பலரும் எழுதியிருப்பீர்கள். என்னைப் பால்வாடி பற்றி எழுதச் சொன்னார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் அங்கன்வாடிப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். நம்ம ஊரில் பாதிப் பேருக்கு நான் 'டீச்சரம்மா'தான். இன்றைக்குக் குழுவில் கையெழுத்துப் போடுகிற பல பெண்கள் என் மையத்தில் பாயில் படுத்துத் தூங்கியவர்கள்.

பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லிக்கொடுத்த கதையை எழுதலாம் என்றுதான் முதலில் உட்கார்ந்தேன். ஆனால் நம்ம பெண்களுக்குக் கணக்கு நன்றாகப் புரியும். எந்தத் தலைப்பில் பணம் வந்தது, எதற்குச் செலவானது, எது பாக்கி நிற்கிறது என்று நோட்டைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். அதனால் பால்வாடியின் வரலாற்றையும் வரவு செலவு நோட்டு மாதிரியே எழுதுகிறேன். கடைசியில் ஒரு பாக்கி வரும். அது நமக்கு வரவேண்டிய பாக்கி.

முற்றத்தில் தொடங்கியது

சின்னப் பிள்ளைகளுக்குத் தனியாகப் பள்ளி வேண்டும் என்ற எண்ணம் நம்ம நாட்டில் நூறு வருஷத்துக்கு முன்பே வந்துவிட்டது. குஜராத்தில் பாவ்நகரில் கிஜுபாய் பதேகா என்பவர் 1920-ல் ஒரு பால மந்திர் தொடங்கினார். அடிக்காமல், மிரட்டாமல், கதையும் விளையாட்டுமாகச் சொல்லிக்கொடுக்கலாம் என்று காட்டினார். 1939-ல் இத்தாலி நாட்டு மரியா மாண்டிசோரி அம்மையார் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். உலகப்போர் வந்ததால் ஊருக்குத் திரும்ப முடியாமல் கொடைக்கானலிலும் சில காலம் இருந்தார். அந்தப் பயிற்சி பெற்றவர்கள் நடத்திய பள்ளிகள் நல்ல பள்ளிகள்தான். ஆனால் ஃபீஸ் கட்ட முடிந்த வீட்டுப் பிள்ளைகள்தான் அங்கே போனார்கள்.

கூலி வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பற்றி யோசித்தவர்களில் முக்கியமானவர் தாராபாய் மோடக். கிஜுபாயோடு வேலை செய்தவர். 1945-ல் மகாராஷ்டிராவில் போர்டி என்ற ஊரில் பால்வாடி தொடங்கினார். அவரோடு அனுதாய் வாக் என்ற இன்னொரு அம்மாவும் சேர்ந்துகொண்டார். பிறகு கோஸ்பாட் மலைப்பகுதியில் ஆதிவாசிப் பிள்ளைகளுக்காக வேலை செய்தார்கள். பிள்ளைகள் பள்ளிக்கு வரவில்லை என்றதும், பள்ளியையே அவர்கள் வீட்டு வாசலுக்குக் கொண்டு போனார்கள். இந்தியில் 'ஆங்கன்' என்றால் முற்றம். நாம் தினமும் சொல்கிற அங்கன்வாடி என்ற பேர் அந்த முற்றத்திலிருந்து வந்ததுதான். விலை கொடுத்து வாங்கும் விளையாட்டுச் சாமான் இல்லாமல் கல், விதை, இலை, மண் இவற்றை வைத்தே எண்ணும் எழுத்தும் சொல்லிக்கொடுத்தார்கள்.

இதற்கெல்லாம் பணம் போட்டது யார்? நன்கொடை கொடுத்தவர்கள்தான் பெரும்பாலும். 1953-ல் துர்காபாய் தேஷ்முக் தலைமையில் மத்திய சமூக நல வாரியம் வந்தது. தொண்டு நிறுவனங்கள் நடத்தும் பால்வாடிகளுக்கு அது கொஞ்சம் மானியம் கொடுத்தது. நல்ல நிறுவனம் இருக்கிற ஊரில் பால்வாடி இருக்கும். அடுத்த ஊரில் இருக்காது.

1975: ஆறு சேவை, ஒரு டீச்சர்

1972-ல் மீனா சுவாமிநாதன் தலைமையில் ஒரு ஆய்வுக் குழு அரசுக்கு அறிக்கை கொடுத்தது. ஏழைப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு, உடம்பு, படிப்பு மூன்றையும் பிரிக்கக்கூடாது, மூன்றும் ஒரே இடத்தில் கிடைக்க வேண்டும் என்பது அந்தக் குழு வலியுறுத்திய விஷயம். 1974-ல் குழந்தைகளுக்கான தேசியக் கொள்கை வந்தது. 1975 அக்டோபர் 2-ஆம் தேதி, காந்தி ஜெயந்தி அன்று, நாடு முழுவதும் 33 வட்டாரங்களில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் தொடங்கியது. நாம் ஐ.சி.டி.எஸ். என்று சொல்வது இதைத்தான். அரசாங்கம் தன் பட்ஜெட்டிலிருந்து சின்னப் பிள்ளைகளுக்கு என்று தனித் தலைப்பு போட்டுப் பணம் ஒதுக்கிய பெரிய திட்டம் இது.

திட்டத்தில் ஆறு சேவைகள். இணை உணவு, தடுப்பூசி, உடல் பரிசோதனை, மேல்சிகிச்சைக்கு அனுப்புவது, தாய்மார்களுக்குச் சத்துணவும் சுகாதாரமும் பற்றிச் சொல்லித்தருவது, ஆறாவதாக முன்பருவக் கல்வி. இந்த ஆறையும் செய்ய ஒரு டீச்சர், ஒரு ஆயா. ஆயிரம் பேர் இருக்கிற ஊருக்கு ஒரு மையம் என்று கணக்கு வைத்தார்கள்.

சம்பளத்தைக் கேளுங்கள். அதைச் சம்பளம் என்று எழுதவே இல்லை, 'மதிப்பூதியம்' என்றுதான் எழுதினார்கள். 1975-ல் மத்திய அரசு வைத்த மதிப்பூதியம் மெட்ரிக் படித்த பணியாளருக்கு மாதம் 150 ரூபாய், படிக்காதவருக்கு 100 ரூபாய், உதவியாளருக்கு 35 ரூபாய். 1986-ல் அது 275, 225, 110 ஆனது. 1992-ல் 400, 350, 200. 1997-ல் மெட்ரிக் படித்தவருக்கு 500. 2002-ல் 1,000. 2008-ல் 1,500. 2011-ல் 3,000. 2018 அக்டோபரிலிருந்து 4,500, உதவியாளருக்கு 2,250. தமிழ்நாட்டில் மாநில அரசு தன் பங்கைச் சேர்த்து, பிறகு சிறப்பு காலமுறை ஊதியமும் கொடுத்ததால் நமக்கு இதைவிடக் கூடுதலாகக் கிடைத்தது. அதற்காக நம்ம சங்கங்கள் எத்தனை முறை மாவட்டத் தலைநகரில் உட்கார்ந்தோம் என்று எனக்குத் தெரியும்.

நான் 1988-ல் வேலைக்குச் சேர்ந்தபோது என் மாமியார், "மாடு மேய்ச்சாக்கூட இதைவிட கூட வருமேடி" என்பார்கள். அப்படிச் சொன்னவர்களே, யாராவது "பால்வாடி ஆயா வேலைதானே" என்று இளக்காரமாகச் சொன்னால் சண்டைக்குப் போவார்கள். சேவை செய்கிற பெண்ணுக்குச் சம்பளம் எதற்கு, மரியாதைக்கு ஏதோ கொடுத்தால் போதும் என்று டெல்லியில் யோசித்தவர்கள் வைத்த பேர்தான் மதிப்பூதியம். வீட்டில் பிள்ளை வளர்ப்பதற்குக் கூலி இல்லையே, ஊர்ப் பிள்ளையை வளர்ப்பதற்கு மட்டும் எதற்கு என்ற அதே எண்ணம்தான். 2022 ஏப்ரலில் குஜராத் பணியாளர்கள் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம், அங்கன்வாடிப் பணியாளருக்கும் உதவியாளருக்கும் பணிக்கொடைச் சட்டம் பொருந்தும் என்று தீர்ப்புச் சொன்னது. 1975-லிருந்து கணக்குப் போட்டால் நாற்பத்தாறு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

தமிழ்நாட்டில் சோறு வந்தது

நம்ம மாநிலத்துக்கு இதில் தனி வரலாறு உண்டு. 1980-ல் உலக வங்கிக் கடனோடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் வந்தது. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரை உள்ள பிள்ளைகளை மாதா மாதம் எடை போடுவது அதன் முக்கிய வேலை. எடை ஏறாத பிள்ளைக்குத் தொண்ணூறு நாள் சத்துருண்டை கொடுப்பார்கள். ஏறிவிட்டால் நிறுத்திவிடுவார்கள். அந்த உணவைத் தயாரிக்க ஊர்ப் பெண்களை மாதர் குழுக்களாகச் சேர்த்தார்கள். தர்மபுரியில் 1989-ல் சுய உதவிக் குழுக்கள் தொடங்கியதைத்தான் நாம் நம்ம இயக்கத்தின் பிறந்த வருஷமாகச் சொல்கிறோம். அதற்கு முன்பே பிள்ளைகளின் சாப்பாட்டுக்காகப் பெண்கள் குழுவாக உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது நம்ம மலரில் பதிவாக வேண்டிய செய்தி. அந்தத் திட்டம் நடந்த ஊர்களில் கடுமையாக மெலிந்த பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்தது. 1997 வரை இரண்டு கட்டமாக நடந்து, பிறகு ஐ.சி.டி.எஸ்.-ஸோடு சேர்ந்துவிட்டது.

1982 ஜூலை 1-ஆம் தேதி எம்.ஜி.ஆர். அரசு சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியது. பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டு வயது முடிந்த பால்வாடிப் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் தொடங்கியது. கருவூலம் காலியாகிவிடும், வீண் செலவு என்று எத்தனையோ பேர் எழுதினார்கள், பேசினார்கள். திட்டம் நின்றது. விதவைகளுக்கும் ஆதரவில்லாத பெண்களுக்கும் முன்னுரிமை கொடுத்து ஊர் ஊராக வேலை கொடுத்தார்கள். எங்கள் வட்டாரத்தில் புருஷன் இல்லாமல் இரண்டு பிள்ளைகளோடு தாய் வீட்டில் கிடந்த பல பெண்கள் அந்த வேலையில்தான் தலை நிமிர்ந்தார்கள். 1989-ல் கலைஞர் அரசு இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை கொடுக்க ஆரம்பித்தது. பிறகு அது வாரத்துக்கு ஒன்றாகி, அங்கன்வாடியில் வாரம் மூன்று முட்டை வரை வளர்ந்தது. ஆட்சி மாறினாலும் முட்டையை யாரும் நிறுத்தவில்லை, கூட்டத்தான் செய்தார்கள். தாய்மார்கள் எண்ணிக்கொண்டே இருந்ததால் வந்த வளர்ச்சி அது. "போன வாரம் முட்டை ஏன் குறைஞ்சுது டீச்சர்?" என்று வாசலில் நின்று கேட்பார்கள். கேட்ட பொருள் வந்தது.

"என் பிள்ளைக்கு இந்த வாரம் என்ன கதை சொன்னீங்க?" என்று யாரும் கேட்டதில்லை. மேலே இருந்து வந்த அதிகாரிகளும் கேட்டதில்லை. அரிசி இருப்பு, பருப்பு இருப்பு, எடைப் பதிவேடு, கர்ப்பிணிப் பதிவேடு, தடுப்பூசிப் பதிவேடு என்று பார்ப்பார்கள். பிள்ளை வண்ணம் சொல்கிறதா, வரிசையாக ஐந்து கல்லை எண்ணுகிறதா என்று உட்கார்ந்து பார்த்தவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். ஆறு சேவைகளில் ஆறாவதாக எழுதப்பட்ட முன்பருவக் கல்வி, பணத்திலும் கவனத்திலும் ஆறாவதாகவே நின்றது.

டீச்சர் மேல் குற்றம் சொல்வது சுலபம். ஒரு நாளை எண்ணிப் பாருங்கள். காலையில் வந்து கூட்டிப் பெருக்கி, பிள்ளைகளை வீடு வீடாகப் போய் அழைத்து வந்து, எடை போட்டு, சோறு ஆக்கிப் பரிமாறி, பதிவேடு எழுத வேண்டும். நடுவில் போலியோ சொட்டு மருந்து, கணக்கெடுப்பு, வாக்காளர் பட்டியல் வேலை. 2021-லிருந்து செல்போனில் 'போஷன் டிராக்கர்' பதிவு வேறு. இதற்கு நடுவில் இருபது பிள்ளைகளைச் சுற்றி உட்காரவைத்துக் கதை சொல்ல எத்தனை நிமிஷம் மிஞ்சும்? தமிழ்நாட்டில் 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' என்று நல்ல பாடத்திட்டமும் செயல்பாட்டுப் புத்தகமும் கொண்டுவந்தார்கள். நான் பயன்படுத்தியிருக்கிறேன், பிள்ளைகள் ஆசையாக வருவார்கள். ஆனால் அதைச் செய்வதற்கென்று இன்னொரு ஆளைக் கொடுக்கவில்லை.

பணத்தை யார் யார் பங்கு போட்டார்கள்

நம்ம குழுக் கணக்கு மாதிரியே சொல்கிறேன். 2005 வரை பணியாளர் மதிப்பூதியம், பயிற்சி, சாமான் எல்லாம் மத்திய அரசு. சாப்பாடு மாநில அரசு. தமிழ்நாடு மாதிரி மனசு வைத்த மாநிலத்தில் அடுப்பு எரிந்தது. மனசும் பணமும் இல்லாத மாநிலத்தில் மையம் திறந்திருக்கும், பானை காலியாக இருக்கும். 2005-06-லிருந்து சாப்பாட்டுச் செலவில் மத்திய அரசு பாதி கொடுத்தது. 2009-10-ல் மற்ற செலவுகளை மத்திய அரசு 90, மாநிலம் 10 என்று பிரித்தார்கள். 2015-16-லிருந்து அது 60-க்கு 40 ஆனது. அதாவது மத்திய அரசின் பங்கு குறைந்து மாநிலத்தின் தலையில் ஏறியது.

2005-ல் அந்த மாற்றம் தானாக வரவில்லை. 2001-ல் ராஜஸ்தானில் பஞ்சம். அரசுக் கிடங்கில் தானியம் குவிந்து கிடக்க, ஜனங்கள் பட்டினி. மக்கள் சிவில் உரிமைக் கழகம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2001 நவம்பர் 28-ல் நீதிமன்றம், எல்லாக் குடியிருப்பிலும் அங்கன்வாடி வேண்டும், ஆறு வயது வரை ஒவ்வொரு பிள்ளைக்கும் உணவு வேண்டும் என்று உத்தரவு போட்டது. 2004 அக்டோபரில் வந்த உத்தரவை நாம் எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஒரு ரூபாய் என்று இருந்த உணவுச் செலவை இரண்டு ரூபாய் ஆக்கச் சொன்னது. அதே உத்தரவில், பிள்ளைகளின் உணவை கான்ட்ராக்டர் கையில் கொடுக்காதீர்கள், கிராம மக்கள், சுய உதவிக் குழுக்கள், மகளிர் மன்றங்கள் இவர்களைக் கொண்டு தானியம் வாங்கிச் சமையுங்கள் என்றும் சொன்னது. நாட்டின் உச்ச நீதிமன்றம் நம்ம குழுக்களின் பேரைச் சொல்லி, இவர்களை நம்பிக் கொடுங்கள் என்றது.

கேரளாவில் குடும்பஸ்ரீ பெண்கள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். அங்கன்வாடிப் பிள்ளைகளுக்கான 'அமிர்தம் நியூட்ரிமிக்ஸ்' என்ற சத்துமாவை ஊர் ஊராக அவர்கள் யூனிட்டுகள்தான் அரைத்துப் பாக்கெட் போட்டுக் கொடுக்கின்றன. தமிழ்நாட்டிலும் சத்துமாவு தயாரிப்பில் மகளிர் கூட்டுறவு சங்கங்களுக்குப் பங்கு உண்டு. 2022-ல் வந்த முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில் பள்ளியில் சமைப்பது நம்ம குழுப் பெண்கள்தான். அங்கன்வாடி உணவில் இன்னும் கூடுதல் இடம் கேட்க நமக்கு நியாயம் இருக்கிறது.

2006 டிசம்பர் 13-ல் இன்னொரு உத்தரவு. 2008 டிசம்பருக்குள் நாட்டில் 14 லட்சம் அங்கன்வாடிகள் வேண்டும். எந்தக் குடியிருப்பில் ஆறு வயதுக்குட்பட்ட 40 பிள்ளைகள் இருந்து மையம் இல்லையோ, அங்கே உள்ளவர்கள் கேட்டால் மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். தமிழ்நாட்டில் இப்போது 54,000-க்கு மேல் மையங்கள் இருக்கின்றன. நம்ம காலனிகளிலும் மலைக் கிராமங்களிலும் குறு மையங்கள் வந்தது இந்தக் காலத்தில்தான். 2013-ல் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்ததும், ஆறு மாதம் முதல் ஆறு வயது வரை உள்ள பிள்ளைக்கு அங்கன்வாடி உணவு சட்டப்படி உரிமை ஆகிவிட்டது.

செலவுக் கணக்கு மட்டும் மெதுவாகத்தான் ஏறியது. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 2004-ல் இரண்டு ரூபாய், 2008-ல் நான்கு, 2012-ல் ஆறு, 2017-ல் எட்டு. கடுமையாக மெலிந்த பிள்ளைக்குப் பன்னிரண்டு. எட்டு ரூபாய்க்கு இன்றைக்கு நம்ம ஊர் டீக்கடையில் ஒரு டீ வராது.

ஆறு வயது விட்டுப்போன இடம்

அரசியல் சட்டம் 1950-ல் வந்தபோது அதன் 45-ஆவது பிரிவில், பத்து வருஷத்துக்குள் பதினான்கு வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி கொடுக்க அரசு முயல வேண்டும் என்று இருந்தது. எந்த வயதிலிருந்து என்று எழுதவில்லை. பிறந்த பிள்ளையிலிருந்து என்றே படிக்கலாம். 2002-ல் 86-ஆவது திருத்தம் கொண்டுவந்தார்கள். கல்வி அடிப்படை உரிமை ஆனது என்று நாடே கொண்டாடியது. கொண்டாட வேண்டியதுதான். ஆனால் அந்த உரிமை ஆறு வயது முதல் பதினான்கு வரை மட்டும். ஆறு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு, பராமரிப்பும் கல்வியும் கொடுக்க அரசு 'முயலும்' என்று எழுதி நிறுத்திவிட்டார்கள். 2009 கல்வி உரிமைச் சட்டத்திலும் மூன்று முதல் ஆறு வயது வரை உள்ளவர்களுக்கு அரசு ஏற்பாடு செய்யலாம் என்றுதான் இருக்கிறது. 'செய்ய வேண்டும்' என்று இல்லை.

நம்ம கடன் பத்திரத்தில் 'திருப்பிக் கட்ட முயல்வேன்' என்று எழுதிக் கொடுத்தால் எந்த பேங்க் மேனேஜர் கையெழுத்துப் போடுவார்? சாப்பாட்டுக்குச் சட்டம் இருக்கிறது, அதனால் பணம் வருகிறது. சின்னப் பிள்ளையின் படிப்புக்குக் கட்டாயம் இல்லை, அதனால் பணம் வந்தாலும் வரும், வராமலும் போகும்.

இது எப்படி நடக்கும் என்பதை நாமே பார்த்தோம். 2019 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடுநிலைப் பள்ளி வளாகத்தில் இருந்த 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தொடங்கின. பெற்றோர் ஆர்வமாகச் சேர்த்தார்கள். 2022-ல் அந்த வகுப்புகளை நிறுத்தப்போவதாகச் செய்தி வந்தது. பெற்றோரும் மற்றவர்களும் எதிர்ப்புத் தெரிவித்த பிறகு, தற்காலிக ஆசிரியர்களைப் போட்டுத் தொடர்ந்தார்கள். ஒரு அறிவிப்பில் வந்தது, ஒரு அறிவிப்பில் போகப் பார்த்தது. ஜனங்கள் குரல் கொடுத்ததால் நின்றது.

மூன்று வயதுக்குக் கீழே என்ன வழி?

நோட்டில் பெரிய பாக்கி இதுதான். அங்கன்வாடிக்கு இரண்டு வயது முடிந்த பிள்ளைதான் வந்து உட்காரும். அதற்குக் கீழே உள்ள பிள்ளைக்குச் சத்துமாவுப் பாக்கெட் வீட்டுக்கு வரும். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வராது. களை எடுக்கப் போகிற தாய், பிள்ளையை வரப்பு மரத்தில் தூளி கட்டிப் போட வேண்டும், இல்லையென்றால் மூத்த பெண் பிள்ளையின் இடுப்பில் வைத்துவிட்டுப் போக வேண்டும். அந்த மூத்த பிள்ளை அன்றைக்குப் பள்ளிக்குப் போகாது.

சட்டம் இல்லாமல் இல்லை. 1948 தொழிற்சாலைச் சட்டத்தில் பெண்கள் அதிகம் வேலை செய்கிற ஆலையில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்று வைத்தார்கள். முதலில் 50 பெண்கள் என்று இருந்ததை 1976-ல் 30 ஆக்கினார்கள். 1951 தோட்டத் தொழிலாளர் சட்டத்திலும் காப்பகம் இருந்தது. 2005-ல் வந்த நூறு நாள் வேலைச் சட்டத்தில், வேலை இடத்துக்கு ஆறு வயதுக்குட்பட்ட ஐந்து பிள்ளைகளோ அதற்கு மேலோ வந்தால், அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை நியமித்து அவருக்கும் கூலி கொடுக்க வேண்டும் என்று இருந்தது. எங்கள் பக்கத்தில் எத்தனையோ வேலைத்தளம் பார்த்தேன். பிள்ளைகள் மரத்தடியில் இருந்தார்கள். அவர்களுக்கென்று கூலி வாங்கிய பெண்ணை நான் அதிகம் பார்க்கவில்லை. பல பேருக்கு அப்படி ஒரு விதி இருப்பதே தெரியாது.

கட்டட வேலைப் பெண்களின் பிள்ளைகளுக்காக 1969-ல் டெல்லியில் மீரா மகாதேவன் 'மொபைல் கிரெஷ்' தொடங்கினார். வேலை நடக்கும் இடத்திலேயே காப்பகம். 1975-ல் மத்திய அரசும் ஒரு காப்பகத் திட்டம் கொண்டுவந்தது. 2006-ல் அதை ராஜீவ் காந்தி பேரில் விரிவாக்கினார்கள். நாடு முழுவதும் இருபதாயிரத்துக்கு மேல் காப்பகங்கள் நடந்தன. 2017-ல் அதை மாநிலங்களிடம் விட்டு, மத்திய அரசு 60, மாநிலம் 30, நடத்தும் நிறுவனம் 10 என்று பங்கு பிரித்தார்கள். அதற்கு முன் மத்திய அரசு 90 கொடுத்தது. மூன்று வருஷத்தில் காப்பகங்கள் ஏழாயிரத்துக்கும் கீழே வந்துவிட்டன. பணப் பங்கு மாறியதும் கதவு மூடியது, இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. 2022-ல் 'பால்னா' என்று புதுப் பேரில், அங்கன்வாடியோடு சேர்ந்த 17,000 காப்பகங்கள் திறக்கும் திட்டம் அறிவித்தார்கள். நாட்டில் இருப்பது கிட்டத்தட்ட 14 லட்சம் அங்கன்வாடிகள். கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.

நம்ம கடன் நோட்டைப் பாருங்கள்

ஓய்வுக்குப் பிறகு கூட்டமைப்பில் கடன் மனுக்களைப் பார்க்கும் வேலை எனக்கு வந்தது. காரணம் என்ற இடத்தில் 'பள்ளிக் கட்டணம்' என்று எழுதியிருப்பார்கள். எந்த வகுப்பு என்று கேட்டால், பிரீ.கே.ஜி., எல்.கே.ஜி. மூன்று வயதுப் பிள்ளைக்காகத் தாய் குழுவில் கடன் வாங்கி வட்டி கட்டுகிறாள். "அங்கன்வாடி பக்கத்துலதானே இருக்கு?" என்றால், "அங்க சோறு போடுவாங்க டீச்சர், படிப்பு சொல்லித்தர மாட்டாங்க. சாயந்திரம் வரைக்கும் வச்சுக்கவும் மாட்டாங்க" என்கிறார்கள்.

என்னிடமே, என் முகத்துக்கு நேராக இப்படிச் சொல்லும்போது கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் அவர்கள் சொல்வதில் ஐம்பது வருஷக் கணக்கு இருக்கிறது. படிப்புக்கும் பராமரிப்புக்கும் அரசு போடாத பணத்தை, நம்ம பெண்கள் தங்கள் கூலியிலிருந்து போடுகிறார்கள். இன்னொரு வகையிலும் போடுகிறார்கள். கைப்பிள்ளை இருப்பதால் ஒன்றரை வருஷம் வேலைக்குப் போகாத உறுப்பினர் தவணை தவறுகிறார். குழு அவரைத் திட்டுகிறது. காப்பகம் இருந்திருந்தால் அந்தத் தவணை வந்திருக்கும்.

ஆகவே, என் அனுபவத்தில் கூட்டமைப்பு செய்யக்கூடியது மூன்று.

முதலாவது, கேட்பது. முட்டையை எண்ணினோம், முட்டை வந்தது. இனி கதையையும் எண்ணுவோம். மாதம் ஒரு முறை நம்ம அங்கன்வாடிக்குப் போய், பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். டீச்சரோடு சண்டைக்குப் போக வேண்டாம். அவருக்கு எந்த வேலை சுமை, எந்தச் சாமான் இல்லை என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். 2011-ல் வந்த வழிகாட்டுதல்படி ஒவ்வொரு அங்கன்வாடிக்கும் கண்காணிப்பு மற்றும் ஆதரவுக் குழு இருக்க வேண்டும், அதில் ஊர்த் தாய்மார்களும் உண்டு. நம்ம ஊரில் அது பேருக்கு இருக்கிறதா, கூடுகிறதா என்று பாருங்கள்.

இரண்டாவது, தீர்மானம். கிராம சபையில் ரோடு, குடிநீர், தெருவிளக்கு என்று தீர்மானம் போடுகிறோம். 'எங்கள் அங்கன்வாடியில் முன்பருவக் கல்விக்குத் தனிப் பணியாளர் வேண்டும், மாலை ஐந்து மணி வரை திறந்திருக்க வேண்டும், மூன்று வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளுக்குக் காப்பகம் வேண்டும்' என்றும் போடலாம். எத்தனை பிள்ளைகள், எத்தனை வேலைக்குப் போகும் தாய்மார்கள் என்று குழு வாரியாகப் பட்டியல் இணைத்தால் யாரும் தள்ளிவிட முடியாது. பட்டியல் எடுப்பதில் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள் யார்?

மூன்றாவது, நாமே நடத்த முன்வருவது. சத்துமாவு, காப்பகம் இரண்டுக்கும் குழுப் பெண்கள் தகுதியானவர்கள். ஆனால் இங்கே ஒரு எச்சரிக்கை சொல்ல வேண்டும். சேவை என்று சொல்லி ஆயிரம், ரெண்டாயிரம் மதிப்பூதியத்துக்கு நம்ம பிள்ளைகளை, மருமகள்களை உட்காரவைக்கப் பார்ப்பார்கள். அந்தப் பேரைக் கேட்டுத்தான் என் தலைமுறை ஓய்வு பெற்றது. பயிற்சியும் முறையான சம்பளமும் கேட்டு வாங்கிக்கொண்டு நடத்துங்கள். பிள்ளை வளர்ப்பது படித்துச் செய்ய வேண்டிய வேலை.

அடுத்த அக்டோபர் 2 கிராம சபை நாள். ஐ.சி.டி.எஸ். தொடங்கியதும் அதே தேதிதான். ஆகஸ்ட் மாதக் கூட்டத்திலேயே ஒவ்வொரு குழுவும் தங்கள் தெருவில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் பெயர், வயது, தாயின் வேலை, எத்தனை மணிக்குப் போய் எத்தனை மணிக்கு வருகிறார் என்ற நான்கு விவரத்தை எழுதிக் கூட்டமைப்பில் கொடுத்தால், செப்டம்பரில் நான் தொகுத்துத் தருகிறேன். படிவம் செயலாளரிடம் இருக்கிறது, வாங்கிக்கொள்ளுங்கள்.